வக்கீலம்மா ஜெயித்த நாடகம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். கோர்ட்டுப் படி ஏறியவள் அல்ல. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் வாயைத் திறந்தால், எதிரே இருப்பவர்களுக்கு ஏன்டா பேச்சுக் கொடுத்தோம் என்று ஆகிவிடும். சலவைக்கூடத்தில் மின்விசிறி ஓடவில்லையா, கையுறை கிழிந்து போயிற்றா, சூப்பர்வைசரிடம் போய்க் கேட்க அவளைத்தான் எல்லோரும் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போவாள். பெரும்பாலும் காரியத்தை முடித்துக்கொண்டுதான் திரும்புவாள்.

வீட்டில் நிலைமை வேறு. கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் கூண்டுக்குள் தனியாக வேலை பார்த்துப் பார்த்து, பேச்சென்பதே அவருக்கு வேண்டாத சாமானாகிவிட்டது. மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும். மூத்த மருமகள் பேசும்போது மட்டும் கேட்காது. பிள்ளைகள் இருவரும் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்தால் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வார்கள். ஆக, அவள் வாய்க்கு மரியாதை இருந்த ஒரே இடம் சலவைக்கூடம். அதிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால், போர்வை மடிக்கிற நீள மேசையின் ஒரு மூலையை ஒதுக்கி நாலைந்து பேர் டப்பாவைத் திறப்பார்கள். முதல் வாய் உள்ளே போவதற்குள் வழக்கு தொடங்கிவிடும்: இப்போது ஓடுகிற நாடகங்களில் எது உசத்தி?

பெரிய துவைக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற மெஷின் அக்கா, நகைக்கடை நாடகத்தின் கட்சி. இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவள். ரகசியம் சொன்னால்கூட வாசலில் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவருக்குக் கேட்கும். கிழிந்த போர்வைகளை ஒட்டுப்போட்டுத் தைக்கிற தையல்காரம்மா, போலீஸ்காரி நாடகத்தின் கட்சி. அவர் அதிகம் பேசமாட்டார். "என்னோடவ அழமாட்டா. அது ஒண்ணு போதும்" என்பதோடு சரி. மற்றவர்கள் நாளுக்கு ஒரு பக்கம் சாய்வார்கள்.

வக்கீலம்மா பார்த்தது மாடிவீட்டு நாடகம். அது வந்த சேனல் மற்ற யார் வீட்டிலும் வராது. தொடக்கத்தில் அந்த நாடகமும் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கதாநாயகி மாடிப்படியில் உருண்டு விழுந்தாள், மயக்கமானாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. வாரக்கணக்கில் கண்ணை மூடியபடி கிடந்தாள். ஒவ்வொருவராக வந்து அழுதுவிட்டுப் போனார்கள்.

"என்னடி, உன் ஆளு முழிச்சாளா இல்லையா?" என்று மெஷின் அக்கா தினமும் கேட்பாள். "இப்ப துவைச்சுப் போட்டனே, அந்தப் போர்வையில ஒண்ணு அவளோடதுதானா?"

மேசையே சிரிக்கும். வக்கீலம்மாவும் சிரிப்பாள், கூடவே காது மடல் சுடும். எந்த வழக்கையும் தோற்காதவளுக்கு, கட்டிலில் கிடக்கிற ஒருத்தியால் தினமும் தோல்வி. கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. அவளுக்கு அது அற்பமாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சின்னவள் அவளிடம் மனசைத் திறந்தாள்.

சின்னவள் என்றால் கொழுந்தன் மனைவி, அந்த வீட்டின் இளைய மருமகள். ஒரே வீட்டில் முன்கட்டு இவர்களுக்கு, பின்கட்டு அவர்களுக்கு. கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் குழந்தை இல்லை. சாது. வக்கீலம்மாவை வாய் நிறைய "அக்கா, அக்கா" என்று கூப்பிடுவாள். விடுமுறைக்கு அவளுடைய உடன்பிறந்த அக்காளின் மகள் வந்து தங்கிவிட்டுப் போவாள். துறுதுறுவென்ற பெண், மூன்றாவது படிக்கிறாள். அந்த முறை அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பிய சின்னவள் நேராகக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்தையும் மீறி அழுகை கேட்டது. வக்கீலம்மா கதவைத் தட்டி, வெளியே அழைத்துவந்து, தலையைத் துடைத்துவிட்டு, "என்னடி ஆச்சு?" என்றாள்.

"அவ எங்க அக்கா பொண்ணு இல்லக்கா. என் பொண்ணு."

பத்தொன்பது வயதில் அவளுக்கு ஒருவனை நிச்சயம் செய்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, போக வர இருந்தவன். கல்யாணத் தேதி குறித்த பிறகு ஒரு சாலை விபத்தில் போய்விட்டான். அப்போது இவள் வயிற்றில் குழந்தை. குழந்தையில்லாத அக்காள் இவளைத் தன்னோடு அழைத்துப்போய் வைத்துக்கொண்டாள். பிறந்ததும் தன் குழந்தையாக வாங்கிக்கொண்டாள். இங்கே பெண் பார்க்க வந்தபோது பெற்றவர்கள் வாயைக் கட்டிவிட்டார்கள். கணவனுக்குத் தெரியாது.

"அவ 'சித்தி'ன்னு கூப்பிடறப்பல்லாம் நான் திரும்பிப் பாத்துடுவேன்க்கா, பின்னாடி வேற யாரோ நிக்கறாங்கன்னு" என்றாள் சின்னவள். பிறகு வக்கீலம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இது உங்க வயித்தோட இருக்கட்டும்" என்றாள்.

"பைத்தியமே, என் வாய்தான் பெருசு. வயிறு அதைவிடப் பெருசு" என்று வக்கீலம்மா அவளை அணைத்துக்கொண்டாள். அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அதுதான் பிற்பாடு அவளை அதிகம் வருத்தியது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம். மெஷின் அக்கா நகைக்கடை நாடகத்தில் முந்தின நாள் நடந்த திருட்டை அபிநயம் பிடித்துக் காட்டி முடித்துவிட்டு, "சொல்லு வக்கீலு, உன் கட்சிக்காரி இன்னும் தூங்கறாளா? நீயும் கூடவே படுத்துடு" என்றாள். தையல்காரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"யார் சொன்னது? அவ நேத்தே முழிச்சுட்டா" என்றாள் வக்கீலம்மா. முதல் பொய் அதுதான். "ஆனா விஷயம் அதில்ல. அவ கொழுந்தன் பொண்டாட்டி ஒருத்தி இருக்காளே, அந்தச் சாது... அவளுக்கு ஒரு பொண்ணு இருக்கு. யாருக்கும் தெரியாது."

சொல்லும்போதே உள்ளே ஏதோ ஒன்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. ஆனால் எதிரே எல்லார் கையிலும் சோறு அப்படியே நின்றிருந்தது. பேர் சொல்லவில்லையே, ஊர் சொல்லவில்லையே, நாடகம்தானே என்று அவளே அவளுக்குச் சாதகமாக வாதாடிக்கொண்டாள். குளியலறை, குழாய்ச் சத்தம், எல்லாம் வந்தது. 'சித்தி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற இடம் வந்தபோது தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடிப்பாவி" என்றாள் மெஷின் அக்கா, முதல்முறையாக மெதுவான குரலில். "இதுதான்டி நாடகம். என்னோடது எல்லாம் சும்மா."

வக்கீலம்மா ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்த ருசி பொல்லாதது. மறுநாள் காலையில் அழுக்குத்துணி வண்டி வரும்போதே, "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார்கள். குழந்தையின் அப்பன் யார் என்பது தவிர நடந்ததெல்லாம் தீர்ந்துபோனதும் அவள் இட்டுக்கட்டத் தொடங்கினாள். நிச்சயம் செய்த பையன் விபத்தில் இறந்தான் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. எல்லோரும் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விடுவார்கள். அதனால் அவனை ஒரு லாரிக்காரனாக மாற்றினாள்; சாதுப்பெண்ணை அவனோடு ஓடவிட்டாள். இப்போது மேசை இரண்டாகப் பிரிந்தது. அவள் புருஷனிடம் சொல்ல வேண்டுமா, கூடாதா? அவள் ஏமாற்றுக்காரியா, ஏமாந்தவளா? அப்போதும் எல்லோரும் பெண்ணின் பக்கமே சாய்ந்ததால், வழக்கு செத்துப்போகாமல் இருக்க வக்கீலம்மா எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டாள். "பெத்தத மறைச்சவ நாளைக்கு எதை மறைக்கமாட்டா?" என்று மேசையில் தட்டிக் கேட்டாள். நல்ல வாதம் என்று அன்றைக்கு அவளுக்கே தோன்றியது.

மடிக்கும் பிரிவில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போனாள். சூப்பர்வைசர் வக்கீலம்மாவின் வீட்டுக்கே போன் செய்தார். "உங்க வீட்டுல ஒரு பொண்ணு இருக்கு, வேலை வேணும்னு கேட்டீங்களே, திங்கக்கிழமை அனுப்புங்க."

கேட்டது அவள்தான். பல மாதம் முன்னால், சின்னவளுக்காக அவரிடம் மன்றாடியிருந்தாள். போனை எடுத்ததோ சின்னவள். அவள் முகம் மலர்ந்து ஓடிவந்து, "அக்கா, கிடைச்சிடுச்சு!" என்றபோது வக்கீலம்மாவுக்கு மத்தியான மேசைதான் கண்முன் வந்தது.

"அது ஒண்ணும் நல்ல வேலை இல்ல" என்றாள். "ஆவியில கை வெந்துடும். நாத்தம் வேற. உனக்கு ஒத்துக்காது."

"நீங்க பாக்கறீங்களேக்கா?"

"எனக்கு விதி. உனக்கென்ன?"

சின்னவளின் முகம் வாடியது. தனக்குச் சம்பளம் வருவது மூத்தவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டது அப்பட்டமாகத் தெரிந்தது. அப்படியே நினைத்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டால் தேவலை என்று வக்கீலம்மா எண்ணினாள். அப்படி எண்ணியதற்காக அவளுக்கே அவள்மேல் அருவருப்பாக இருந்தது.

சின்னவள் வந்தாள். திங்கட்கிழமை காலையிலிருந்து வக்கீலம்மா ஒவ்வொருவரையும் தனியே பிடித்து, "அந்த நாடகத்தை நிறுத்திட்டாங்க, இனி அதப் பத்திப் பேச வேணாம்" என்று சொல்லப் பார்த்தாள். மெஷின் அக்காவை மட்டும் பிடிக்க முடியவில்லை. ஒரு இயந்திரத்தில் தண்ணீர் ஒழுகி, அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம், "இன்னிக்கு நாம வெளியில மரத்தடியில சாப்பிடலாம்" என்று சின்னவளைக் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் இங்கதானேக்கா உக்காந்திருக்காங்க? முத நாளே தனியா போனா என்ன நினைப்பாங்க?" என்று சின்னவள் மேசையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மெஷின் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாம்மா புதுப்பொண்ணே. உனக்கென்ன, வீட்டுலயே கதை கேக்கலாம். எங்களுக்கு அரைமணி நேரம்தான். மாடிவீட்டுல அந்தச் சித்திக்காரி என்ன ஆனா?"

"எந்தச் சித்தி?" என்றாள் சின்னவள்.

"அடடா, தெரியாதா?" என்று மெஷின் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: லாரிக்காரனோடு ஓடியது, அவன் கைவிட்டது, அக்காளிடம் தள்ளிவிட்டது, குளியலறையில் அழுதது, 'சித்தி' என்றால் திரும்பிப் பார்ப்பது. ஒன்றையும் விடவில்லை. வக்கீலம்மா தன் டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுடைய முகம் நெளிந்து தெரிந்தது.

சின்னவள் அழவில்லை, எழுந்து போகவும் இல்லை. பிசைந்த சோற்றை மறுபடி மறுபடி பிசைந்தாள்.

"ஓடிப்போனாளா?" என்று கேட்டாள்.

"பின்னே? உங்க அக்காவையே கேளு. அவதானே பாக்கறவ."

சின்னவள் திரும்பினாள். "அப்படியா காட்டினாங்க, அக்கா?"

அந்த நேரத்தில் சொல்ல ஆயிரம் வார்த்தை உண்டு. இல்லை, அது பொய், நான் சேர்த்தது என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். வாய்க்காகவே பெயர் வாங்கியவள்.

"ஆமா" என்றாள் வக்கீலம்மா.

சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டாள். டப்பாவை மூடிக் கழுவப் போனாள்.

மத்தியானத்துக்குமேல் சூப்பர்வைசர், "ஒரே வீடு, பழக்கிவிடுங்க" என்று இருவரையும் பெரிய போர்வைகளை மடிக்க ஜோடி சேர்த்துவிட்டார். ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு விலகி நின்று உதற வேண்டும். பிறகு எதிரெதிரே நடந்து வந்து, ஒருத்தி தன் நுனியை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு போர்வைக்கும் சின்னவள் அவளை நோக்கி நடந்து வந்தாள். விரலோடு விரல் பட நுனியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். முகத்தைப் பார்க்கவே இல்லை. மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. "கெட்டிக்காரப் பொண்ணு" என்று சூப்பர்வைசர் மெச்சினார்.

அன்றைக்குப் பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் சின்னவள் நின்றுகொண்டே வந்தாள்.

வீட்டில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. "அக்கா, உப்பு இருக்கா? அக்கா, தண்ணி வந்துடுச்சு" என்று எப்போதும்போல்தான் பேசினாள். அந்த ஒழுங்கு வக்கீலம்மாவைக் கொன்றது. நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பாள். கடைசியில் அவளே, சின்னவள் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது, போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"நான் உன் பேரச் சொல்லலடி."

"பேரு ஒண்ணத்தானே மிச்சம் வச்சீங்க" என்றாள் சின்னவள்.

கொடியிலிருந்து க்ளிப்பைக் கழற்றிக் கழற்றி வாளியில் போட்டாள். பிறகு, "அவர் செத்துத்தான் போனாருக்கா. ஓடல, கைவிடல. என்னை என்ன வேணா பண்ணியிருக்கலாம். செத்தவர எதுக்கு லாரியில ஏத்துனீங்க?" என்று கேட்டாள்.

கதை சப்பென்று இருந்தது, அதனால் மாற்றினேன் என்பதை எந்த வாயால் சொல்வது?

"அங்க எல்லாரும் என்ன சொன்னாங்க?" என்று சின்னவள் கேட்டாள். "அவ மேல தப்புன்னா?"

"இல்லடி. மெஷின் அக்கா உன் பக்கம். தையல்காரம்மா உன் பக்கம். எல்லாருமே..."

"நீங்க?"

வக்கீலம்மா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு இடத்திலாவது பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "எதிர்ப்பக்கம்" என்றாள். "யாரும் அந்தப் பக்கம் பேசல. பேச்சு நின்னுடும்னு..."

சின்னவள் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், சின்னவள் குடிநீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, வக்கீலம்மா மேசையில் உண்மையைச் சொன்னாள். முழு உண்மை அல்ல; அதைச் சொன்னால் சின்னவள் மாட்டிக்கொள்வாள். "நான் உங்கள ஏமாத்திட்டேன். நாடகத்துல அப்படி ஒருத்தியே இல்ல. கதாநாயகி இன்னும் முழிக்கவே இல்ல. எல்லாம் நானா கட்டினது."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். மெஷின் அக்கா மேசையில் அறைந்து சிரித்தாள். "அடி கைகாரி! இவ்வளவு மூளைய வச்சுக்கிட்டா போர்வை மடிக்கற? டி.வி.க்காரன் உன்னத் தூக்கிட்டுப் போகணும்டி!" எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் செருப்படியாக விழுந்தது. தையல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. குடத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்த சின்னவளை ஒரு தரம் பார்த்தார், வக்கீலம்மாவை ஒரு தரம் பார்த்தார், ஊசிக்கு நூல் கோக்கக் குனிந்துகொண்டார். அதன்பிறகு அவர் அந்த நாடகத்தைப் பற்றி யாரையும் பேசவிடவில்லை. யாராவது ஆரம்பித்தால், "சாப்பிடுங்க, ஆறுது" என்பார்.

ஆக, ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. வக்கீலம்மா இதைச் சின்னவளிடம் சொன்னாள். மறைக்க மனம் வரவில்லை. "இன்னிக்கு அவங்க. நாளைக்கு யாரு வாயில வந்து இவர் காதுக்குப் போகும்? என் வாயால போனதா இருக்கட்டும்" என்றாள் சின்னவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் கதவு சாத்தியே இருந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. மாலையில் கொழுந்தன் வெளியே வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்கே என்று கேட்ட தாய்க்குப் பதில் சொல்லாமல் போனான். திரும்பி வர மூன்று நாள் ஆயிற்று. என்ன ஆயிற்று என்று கேட்கிற உரிமையை வக்கீலம்மா தானே விற்றுவிட்டிருந்தாள். வந்தவன் பின்கட்டுக்குள் போனான்; மறுபடி கதவு சாத்திக்கொண்டது. என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த மாதம், "வேலைக்குப் பக்கமா இருக்கும்" என்று அவன் வேறு தெருவில் வீடு பார்த்தான். விடுமுறை வந்தபோது சின்னவளின் பெண்ணைக் கூட்டிவர அவனே பஸ் ஏறிப் போனான் என்று மாமியார் சொல்லித்தான் தெரிந்தது.

நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவேளை தன் நாக்கினால்தான் அந்த முடிச்சு அவிழ்ந்ததோ என்று ஒருநாள் வக்கீலம்மாவுக்கு ஓர் எண்ணம் எழுந்தது. அடுத்த கணமே முகம் சிவந்துபோனாள். கிடைக்கிற எதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக இழுக்கிற புத்தி இன்னும் போகவில்லையே என்று கூசினாள்.

சலவைக்கூடத்தில் அழுக்குத்துணி பிரிக்கிற பிரிவுக்கு மாற்றிக் கேட்டாள். அங்கே மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டுதான் வேலை. சாப்பாட்டு நேரமும் வேறு. சின்னவள் மடிக்கும் பிரிவிலேயே நிலைத்துவிட்டாள். மேசையில் அவள் இப்போது போலீஸ்காரி நாடகத்தின் கட்சி என்று கேள்வி.

புது வீட்டுக்கு வக்கீலம்மா ஒருநாள் போனாள். பின்கட்டில் விட்டுப்போன ஒரு சாக்குப் பையையும் இரண்டு டம்ளரையும் கொடுக்கிற சாக்கில். சின்னவள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தெருவில் பஸ் எங்கே நிற்கும், தண்ணீர் எப்போது வரும் என்றெல்லாம் முகம் கோணாமல் சொன்னாள். 'அக்கா' என்ற சொல் மட்டும் வரவில்லை. உள்ளே அந்தப் பெண் ஏதோ பாடம் படிக்கிற சத்தம் கேட்டது. அப்போது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யாரு, சொந்தக்காரங்களா?" என்றாள்.

"இவரோட அண்ணி" என்றாள் சின்னவள்.

உறவுமுறைக்கு அது சரியான வார்த்தைதான். ஒரு குறையும் சொல்ல முடியாது. வக்கீலம்மா தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வரேம்மா" என்று எழுந்தாள்.